ஆடாத பல்லக்கு

முன்னொரு காலத்தில் வச்சிரசேனர் என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டுக்கு ராஜா என்று கேட்காதீர்கள்; எனக்குச் சொன்னவர்களும் அதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். கோபம் சட்டென்று வரும், குழப்பம் அதைவிடச் சட்டென்று வரும். ஒரு காரியத்துக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக யோசனை சொன்னால் இரண்டுக்கும் தலையாட்டிவிடுவார். பிறகு எதற்குத் தலையாட்டினோம் என்று உட்கார்ந்து யோசிப்பார்.

அவருக்கு ஓர் ஆசை. பல்லக்கில் போகும்போது வெள்ளிக் கிண்ணம் நிறையப் பால் பாயசம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போக வேண்டும். அரண்மனையிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுக் கிளம்பினால் என்ன? நியாயமான கேள்விதான். ராஜாவிடம் போய் யார் கேட்பது?

ஒரு நாள் மலைக்கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பல்லக்கு திடீரென்று நின்றது. பாயசம் அத்தனையும் ராஜாவின் மீசையிலும் பட்டு அங்கவஸ்திரத்திலும் கொட்டிவிட்டது. திரையை விலக்கிப் பார்த்தார். பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரில் ஒருவனும் அவர்களின் தலைவனுமான சடையன், பல்லக்கை நுனி பிளந்த கவைக்கோல்களின் மேல் தாங்க வைத்துவிட்டு, பின்வரிசைக்காரனான ஒச்சனின் காலைத் தன் மடியில் வைத்து முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிரதானி திருமேனியாருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. தூக்கிகளின் தலைவன் வேலையைத் தன் மைத்துனன் கட்டாரிக்கு வாங்கிக் கொடுக்க அவர் வெகு நாளாகக் காத்திருந்தார். கட்டாரி ஒரு மல்லன். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை, அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று சபையில் பிரதானி எழுந்து, கூட வருபவன் காலைப் பார்க்கிறவன் தலைவனே அல்ல என்றார். ராஜா தலையாட்டினார். அப்போது மாணிக்கூத்தன் எழுந்தான். அந்தச் சபையின் விகடன் அவன். அவன் பேசினால் ராஜா சிரிப்பார், பிரதானி பேசினால் கொட்டாவி விடுவார். பிரதானிக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல் வர இந்தக் காரணம் போதாதா? மாணிக்கூத்தன், எட்டுப் பேர் ஒரே ஆள் மாதிரி நடக்கிறார்கள் என்றால் அது சடையனால்தான் என்றான். ராஜா அதற்கும் தலையாட்டினார். உடனே குழம்பிப்போனார்.

"அப்படியானால் தலைவன் என்பவன் யார்? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்."

பிரதானி தயாராக வைத்திருந்த ஓலையை எடுத்துப் படித்தார். தலைவன் எல்லாரையும்விட உயரமாக நிற்க வேண்டும். யாருக்கும் தலைவணங்கக் கூடாது. யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவன் அழுதாலும் மனம் இளகக் கூடாது. வாழ்நாளில் ஒரு தவறும் செய்திருக்கக் கூடாது. அவன் வாய் திறக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது; அவன் அடியெடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் அடியெடுத்து வைக்க வேண்டும்.

ராஜாவுக்கு ஓலை பிடித்துவிட்டது. எழுதி வைத்ததைக் கண்டால் அவருக்கு ஒரு நிம்மதி. மறுநாள் அவர் மகளுக்கு வளைகாப்பு. ஒரு காதம் தள்ளிச் சம்பந்தி ஊருக்குப் போக வேண்டும். பிரதானி குனிந்து இன்னொன்றும் சொன்னார். மாணிக்கூத்தனுக்கு இவ்வளவு தெரியும் என்றால், ஓலையில் உள்ள அத்தனையும் பொருந்திய ஒரு தலைவனை அவனே நாளைக் காலையில் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் கட்டாரிக்கு வேலை. மாணிக்கூத்தனும் சடையனும் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். தவறே செய்யாத மனிதனை எங்கே போய்த் தேடுவான்? சபையில் பலர் வாய்க்குள் சிரித்தார்கள்.

ராஜா தலையாட்டிவிட்டு, "பாயசம் ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை சடையன் மாணிக்கூத்தனைத் தேடி வந்து வாசலில் நின்றான்.

"எனக்காக நீங்க ஏன் அய்யா வம்பை வெலைக்கு வாங்குறீங்க? நான் எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவேன். அந்த ஏழு பேரக் கட்டாரி கையில விட்டுட்டுப் போறதுதான் மனசு கேக்கல."

"அது இருக்கட்டும். பாதி வழியில் ஏன் நிறுத்தினாய்?"

"முள்ளு கெடந்தத நான்தான் பாக்காம விட்டுட்டேன். பின்னால வர்றவனுக்குப் பல்லக்கு மறைக்கும், தரையே தெரியாது. முன்னால போற என் வாய்தான் அவனுக்குக் கண்ணு. நான் சொல்லல, அவன் மிதிச்சுட்டான். தப்பு என்னுதுதானே?"

"இதை ராஜாவிடம் சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலியே அய்யா."

மாணிக்கூத்தனுக்கு உண்மையிலேயே மனசு வலித்தது. பிறகு, ஊருக்கு வெளியே யாருடைய சோளக்கொல்லை நன்றாக விளைந்திருக்கிறது என்று கேட்டான். சடையன் குழம்பிப்போய் ஒரு பேரைச் சொன்னான்.

விடிந்தது. ராஜா கிண்ணமும் கையுமாகப் பல்லக்கில் ஏறி, வெயிலுக்குத் திரையை மூடிக்கொண்டார். மாணிக்கூத்தன் வெளியிலிருந்து, தலைவர் வந்துவிட்டார், ஓலையில் உள்ளபடி எல்லாம் நடக்க அரசர் ஆணையிட வேண்டும் என்றான். உள்ளேயிருந்து ராஜா, "ஓலைப்படியே நடக்கட்டும். மீறுகிறவன் நாக்கை அறுப்பேன்" என்றார். பல்லக்கு மேலே எழுந்தது. பாயசம் அசையவில்லை.

ராஜாவுக்குப் பரமானந்தம். ஒரு வாய் குடித்தார். பல்லக்கு ஆடவில்லை. இன்னொரு வாய் குடித்தார். பூப்போல அல்லவா போகிறது என்று வியந்தார். அரை நாழிகை போயிற்று. வெளியே அரண்மனைச் சமையற்கட்டில் தாளிக்கிற வாசனை வந்தது. வழியில் யாரோ நம் சமையற்காரன் கைப்பக்குவத்திலேயே தாளிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார். பிறகு அரண்மனை மணி அடித்தது. இவ்வளவு தூரத்துக்கா கேட்கிறது என்று யோசித்தார். பட்டத்து யானை பிளிறியது. பட்டத்து யானையும் கூடவே வருகிறதா? அதை யார் வரச் சொன்னார்கள்? நான்தான் சொன்னேனா?

"எங்கே வந்திருக்கிறோம்?" என்று கேட்டார். பதில் இல்லை. ஆற்றைக் கடந்தாயிற்றா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. இன்று காலையில் விழித்தோமா, இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறோமா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு நாழிகை கழிந்தபின் பொறுக்கமாட்டாமல் திரையை விலக்கினார். எதிரே அவருடைய சொந்த அரண்மனை வாசல். பல்லக்கு கவைக்கோல்களின் மேல் இருந்தது. தூக்கிகள் அதன் நிழலில் குந்தியிருந்தார்கள். பிரதானி ஏதோ சொல்லத் துடித்தபடி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பல்லக்குக்கு முன்னால், எட்டடிக் கழியில், கரிமீசை வரைந்த சட்டித்தலையோடு ஒரு சோளக்கொல்லைப் பொம்மை கையை விரித்துக்கொண்டு நின்றது.

"தலைவன் எங்கே?" என்று ராஜா உறுமினார். மாணிக்கூத்தன் பேசாமல் பொம்மையைக் காட்டினான். பேசு என்று ராஜா ஆணையிட்ட பிறகே வாயைத் திறந்தான்.

"அரசே, இவர் நம் எல்லாரையும்விட உயரம். இதுவரை யாருக்கும் தலைவணங்கியதில்லை, யாரிடமும் யோசனை கேட்டதில்லை. பக்கத்தில் நின்று நாள் முழுக்க அழுதாலும் இளகமாட்டார். பிறந்ததிலிருந்து ஒரு தவறும் செய்யவில்லை. கொல்லைக்காரரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் வாய் திறக்கவில்லை, அதனால் நாங்களும் திறக்கவில்லை. இவர் அடியெடுத்து வைக்கவில்லை, அதனால் பல்லக்கும் நகரவில்லை. பாயசம் ஒரு சொட்டாவது சிந்தியதா?"

ராஜா கிண்ணத்தைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், ஓலையை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே அவருக்குத் தலை சுற்றியது. பிரதானி, இது வைக்கோல், மனிதன் அல்ல, கட்டாரியைப் போகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். முகூர்த்தம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜா அதற்கும் தலையாட்டினார்.

கட்டாரி சடையனை விலக்கிவிட்டுப் பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுத்தான். சடையனும் மாணிக்கூத்தனும் பிரதானியும் கூடவே நடந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் தன் கால் எட்டியபடி நடந்தான். அவனுடைய ஓர் அடிக்கு மற்றவர்கள் இரண்டு அடி ஓட வேண்டியிருந்தது. ஊர் எல்லையில் ஒரு வாய்க்கால். கட்டாரி அதைத் தாண்டிவிட்டான். வாய்க்கால் ஒன்று வருகிறது என்பதே பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது. பல்லக்கு ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கம், ராஜா சேற்றில்.

"ஏனடா சொல்லவில்லை?" என்று ராஜா சேற்றிலிருந்தே கேட்டார்.

"தலைவன் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று அத்தான் சொன்னார்" என்றான் கட்டாரி. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

பாவம் ராஜா, அழுதுவிடுவார் போல இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாணிக்கூத்தன் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, இனி சடையன் நடத்தட்டும், ஆனால் வழி முழுக்கத் திரை மட்டும் திறந்திருக்கட்டும் என்றான்.

சடையன் உடனே தண்டைத் தொடவில்லை. முதலில் ஒச்சன் காலைப் பார்த்தான், பாரம் குறைவாக விழும் இடத்துக்கு அவனை மாற்றினான். மற்றவர்களிடம் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டான். அதற்கப்புறம் கிளம்பினான். பல்லக்கு நிதானமாகத்தான் போயிற்று, ஆனால் எங்கும் நிற்கவில்லை. முன்னாலிருந்து ஒரு குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தது. வலப்பக்கம் வேர் இருக்கு. இனிமே இறக்கம், காலை ஊன்றி வை. ஒச்சா, தோளு மாத்திக்கிறியா?

ராஜா குழம்பி, பக்கத்தில் நடந்து வந்த மாணிக்கூத்தனைக் கேட்டார். "இவன் யாரோடு பேசிக்கொண்டே வருகிறான்?"

"பின்னால் வருபவர்களோடு, அரசே. அவர்களுக்குத் தரை தெரியாது."

"எப்போதும் இப்படித்தான் பேசுவானா?"

"இருபது வருஷமாகப் பேசுகிறான்."

"எனக்குக் கேட்டதே இல்லையே."

"நம் திரை கொஞ்சம் கனம்" என்றான் மாணிக்கூத்தன்.

ராஜா திரையை இன்னும் அகலமாக விலக்கினார். பிறகு சடையனிடம், இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்று கேட்டார்.

"ஒருத்தன் கால் நோவோட வர்றான் சாமி. அவன் எந்த நடை நடக்குறானோ அதுதான் எங்க எல்லாருக்கும் நடை. அவன் விழுந்தா சாமியும்தான் விழுவீங்க."

ராஜாவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விஷயம் குழப்பமில்லாமல் புரிந்தது.

முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டு வாசலில் ராஜா இறங்கக் காலை நீட்டியபோது, சடையன் வாய்ப் பழக்கத்தில், "காலடியில சாணி, பாத்து" என்று குரல் கொடுத்தான். வாசலில் நின்றவர்கள் திகைத்துப்போனார்கள். ராஜாவின் காலடியைப் பற்றி இப்படி யாரும் பேசியதில்லை. ராஜா குனிந்து பார்த்து நகர்ந்து இறங்கினார். தூக்கிகளும் நகர்ந்துகொண்டார்கள். தூக்கி சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று நிமிர்ந்து வந்த பிரதானி மட்டும் சரியாக அதில் கால் வைத்துச் சறுக்கி உட்கார்ந்தார். ராஜா சிரித்த சிரிப்பில் அவர் மகள் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்ததும் ராஜா, சடையனே இனி தலைவன், ஓலையைக் கிழித்துப் போடுங்கள் என்றார். மாணிக்கூத்தனிடம், வேண்டியதைக் கேள் என்றார்.

"எட்டு ஜோடி செருப்பு வேண்டும், அரசே."

ராஜாவுக்குப் பழைய குழப்பம் திரும்பி வந்தது. "உனக்கு இருப்பது இரண்டு கால்தானே?"

"எனக்கு முள் தைக்கவில்லை, அரசே."

ராஜா எட்டுப் பேரின் பதினாறு வெறுங்கால்களையும் பார்த்தார். மறுபடி சிரித்தார், இந்த முறை கொஞ்சம் வெட்கத்தோடு. மாணிக்கூத்தனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, எட்டு ஜோடிக்கும் அங்கேயே சொல்லியனுப்பினார்.

மாலையில் செருப்புகள் வந்தன. ஒச்சன் முதலில் போட்டுக்கொண்டான், அப்புறம் மற்ற ஆறு பேர். எல்லாருக்கும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சமிருந்த ஜோடியைச் சடையன் எடுத்துக்கொண்டான். அது அவனுக்கு விரற்கடை சிறிசு. ஒன்றும் சொல்லாமல் குதிகாலை வெளியே விட்டுக்கொண்டு தண்டைத் தூக்கப் போனான்.

ராஜா பல்லக்கில் ஏறாமல் நின்றார். "சடையனுக்கு அது சேரவில்லை. வேறு ஜோடி வரட்டும், அதுவரை நான் காத்திருக்கிறேன்" என்றார்.