பிளவில்லாத குளம்பு

கடலுக்கு அப்பால், மேகம் தவழும் ஒரு மலைக்காட்டில் லாமாக்கள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. லாமா என்பது திமில் இல்லாத குட்டி ஒட்டகம் போல இருக்கும். அந்தக் கூட்டத்தில் வாய்ரா என்ற பெண் லாமா பெரிய ரோஷக்காரி.

ஒருநாள் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை வந்து இறங்கியது.

"உங்களுக்கு நாகரிகம் கற்றுத்தர வந்திருக்கிறேன்" என்றது.

"அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டது வாய்ரா.

"அதிகமில்லை. இந்த மலையைத் தோண்டி, வெள்ளியை எடுத்து, என் கப்பலில் ஏற்றினால் போதும்."

கிழங்கு விளைந்த சரிவெல்லாம் பள்ளமாயிற்று. குதிரை ஒரு சட்டமும் போட்டது. குளம்பு பிளவுபடாதவர்கள் நிழலில் நிற்கலாம். பிளவுபட்டவர்கள், அதாவது லாமாக்கள், சுமக்க வேண்டும். மேற்பார்வைக்குக் கோவேறு கழுதை நின்றது. அது பாதிக் குதிரை என்பதால் அதற்குப் பாதி நிழல்.

வாய்ராவின் தாய் ஒருநாள் சுமையோடு சரிந்து விழுந்து உயிரை விட்டது.

"மூட்டை கிழிந்துவிடப் போகிறது, பார்த்து எடுங்கள்" என்றது குதிரை.

அன்று மாலை வாய்ரா கூட்டத்தாரிடம் பேசியது. "சண்டை வேண்டாம். நாளை எல்லோரும் மூட்டையோடு நடுவழியில் படுத்துவிடுங்கள். உதைத்தாலும் எழாதீர்கள்."

அப்படியே படுத்தன. குதிரை கனைத்தது, உதைத்தது, கெஞ்சிக்கூடப் பார்த்தது. ஒன்றும் அசையவில்லை. கப்பல் புறப்படும் நேரமோ நெருங்கிவிட்டது. வெள்ளியை விட மனமில்லாமல் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு, மூச்சிரைக்கத் துறைமுகத்துக்கு ஓடியது. பிறகு திரும்பி வரவேயில்லை.

காடே ஆடிப்பாடியது. வாய்ராதான் தலைவி. கோவேறு கழுதை முதல் ஆளாக வந்து வணங்கியது.

"இனி வெள்ளியெல்லாம் நம்முடையது, தலைவி!"

"வெள்ளியை யார் தின்பது? கிழங்கு நடுவோம்."

"இந்தப் பள்ளத்திலா? சாப்பாடு இனிக் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் வர வெள்ளி போக வேண்டும். வெள்ளி போக யாராவது சுமக்க வேண்டும்."

"நானுமா?"

"சேச்சே! தலைவி சுமக்கலாமா? குளம்புப் பிளவில் கொஞ்சம் மெழுகு வைத்து அடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?"

வாய்ராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உச்சி வெயில் கொளுத்தியது. மரத்தடியோ ஜில்லென்று இருந்தது. கழுதை மெழுகைக் கையோடு கொண்டுவந்திருந்தது.

சில நாளில், தங்கை சுமாக் முதுகில் மூட்டையோடு, வாய்ரா நின்ற மரத்தடி வழியே வந்தது.

"அக்கா, நமக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்றாயே?"

"கிடைக்காமலா? முன்பு அந்நியனுக்காகச் சுமந்தாய். இப்போது நமக்காகச் சுமக்கிறாய். அந்தப் பெருமை போதாதா?" என்ற வாய்ரா, சற்று யோசித்து, "இனிமேல் என்னைத் தலைவி என்றே கூப்பிடு" என்றது.

"சரிங்க, தலைவி" என்று சொல்லிவிட்டு, சுமாக் சரிவில் இறங்கியது.

நீதி: எசமானை விரட்டினால் மட்டும் போதாது, அவன் வகுத்த மேல் கீழையும் கலைக்க வேண்டும்.