நொச்சிப்பட்டி, கதவு எண் 3/17

அம்மையப்பன் தன் மனைவி செங்கமலத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மூன்று விரல்களை நீட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று விரலும் மூன்று பேருக்கு. ஒருவன் அம்மையப்பன். இன்னொருவன் அவனுடைய தம்பி பூவலிங்கம். மூன்றாமவன் செங்கமலத்தின் தம்பி சடையாண்டி. அந்த வீட்டில் மூளை என்று ஒன்றுதான் இருந்தது. அது செங்கமலத்திடம் இருந்தது. மற்ற மூவரும் அதை ஊர்க்கிணறு போலப் பொதுவில் உபயோகித்து வந்தார்கள்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றேன். ரெண்டு சொன்னா உங்களுக்குக் கலந்துரும்" என்றாள் செங்கமலம். முதல் விரலை மடக்கினாள். "நீங்க நம்ம தமயந்தியை மேட்டுநகர்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடணும். குடும்பத்தோட அங்கேயே குடிபோயிருங்க. இங்கயே இருந்தா அது உங்களை மாதிரி ஆயிரும்."

அம்மையப்பன் தலையாட்டினான். தன்னைப் போல இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று அவனுக்குத் தெரியும். நாற்பது வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் சடையாண்டி, போறப்ப வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிராத."

"சரிக்கா."

"எனக்கு அண்ணி?" என்றான் பூவலிங்கம், கையைக் கட்டிக்கொண்டு.

"நீ ஒண்ணும் செய்யாத தம்பி. அதுவே பெரிய உபகாரம்."

பிறகு அவளுக்குக் காப்பி குடிக்க வேண்டும் போல இருந்தது. அம்மையப்பன் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனான். அவன் திரும்பி வந்தபோது காப்பி சூடாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மையப்பன் மேட்டுநகருக்குப் பஸ் ஏறினான். பட்டணத்தில் பணம் உள்ளவர்கள் ஏறிப்போய்க் குடியிருந்துகொண்ட பகுதி அது. அங்கே வீட்டு வாடகையைச் சொன்னால், அது வாடகையா விலையா என்று இன்னொரு தரம் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம். மதில்மேல் வந்து உட்காரும் காக்கைகூட வரிசை கலையாமல் உட்காரும்.

ஆபீசில் பரிமளா என்ற அம்மாள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சொந்த ஊர் விலாசத்துக்கு அத்தாட்சி வேணும். அசல்தான் கொண்டு வரணும், நகல் செல்லாது. அப்புறம், எங்க கேட்லேர்ந்து நீங்க இங்க குடிவர்ற வீட்டுக் கதவு வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான்."

"தவறிட்டா அடுத்த வருஷம் வரலாமா அம்மா?"

"அடுத்த வருஷம் உங்க பொண்ணுக்கு வயசு தாண்டிரும். இங்க சேர்க்க முடியாது."

அம்மையப்பன் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் மூவரும் வட்டமாக உட்கார்ந்து விசாரணை நடத்தினார்கள்.

"ரேஷன் கார்டை எடுத்துட்டுப் போலாம்பா. விலாசம் அதுல இருக்கு" என்றாள் தமயந்தி. அவளுக்கு எட்டு வயது.

"குழந்தை சொல்றது சரிதானே?" என்றான் அம்மையப்பன்.

சடையாண்டி நெடுநேரம் யோசித்தான். யோசிக்கும்போது அவன் வலது காதைப் பிடித்துக்கொள்வான். "மச்சான், ரேஷன் கார்டுல நம்ம நம்பரை எப்படி எழுதினாங்க?"

"ஆபீசர் வந்து நம்ம கதவுல இருந்ததைப் பார்த்து எழுதினார்."

"பார்த்து எழுதினா அதுக்குப் பேரு என்ன?"

அம்மையப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நகல்!"

"அப்ப அசல் எங்க இருக்கு?"

மூவரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். கறுத்த வேப்பமரக் கதவு. மேலே வெள்ளைச் சுண்ணாம்பில் 3/17 என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷம் அதன்மேல் எண்ணெய்க் கையைத் துடைத்தோமே என்று அம்மையப்பன் வெட்கப்பட்டான்.

மறுநாள் காலையில் கதவை, அது சுழலும் குடுமியோடு தூக்கிக் கழற்றினார்கள். பூவலிங்கம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு வெளியே வந்த பிறகுதான் சடையாண்டி வாய்விட்டு அலறினான்.

"மச்சான்! வீடு திறந்து கிடக்கு! அக்கா எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை!"

"என்ன மாப்ளே செய்யலாம்?"

"செய்யறதுக்கு என்ன இருக்கு? ஒரு கதவு போனா இன்னொரு கதவு நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, வாசல் நிலையின் நடுவில் போய்க் கையைக் காலை விரித்துக்கொண்டு நின்றான் சடையாண்டி. சாமான்களை மூட்டை கட்டி வெளியே கொண்டுவரும் போதெல்லாம் அவன் ஒரு காலில் திரும்பி வழிவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டான். கொஞ்சம் கிரீச் என்ற சத்தமும் கொடுத்தான்.

எதிர்வீட்டு அன்னக்கொடி இரவல் வாங்கின சல்லடையைத் திருப்பித் தர வந்தாள். "ஏம்ப்பா சடையாண்டி, உள்ள உன் மச்சான் இருக்காரா?"

சடையாண்டி நேரே பார்த்தபடி விறைத்து நின்றான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன்!"

"கதவு பேசுமா அத்தை? தட்டிப் பாருங்க."

அன்னக்கொடி சல்லடையால் அவன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். கதவு திறந்தது.

இப்படியாகச் சடையாண்டி ஊரில் தங்கிவிட, மற்றவர்கள் கிளம்பினார்கள். பஸ்ஸில் கதவு மேலே ஏறியது. அம்மையப்பன் வழிநெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யாராவது தட்டறாங்களா?" என்று தமயந்தியிடம் கேட்டுக்கொண்டே வந்தான். அவள் முகத்தைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட ஆபீசில் நல்ல கூட்டம். பரிமளா நிமிரவில்லை.

"பழைய விலாசம்?"

"நொச்சிப்பட்டி, மூணு பை பதினேழு."

"அசல் இருக்கா?"

டொம்மென்று கதவை அவள் மேஜையில் சாய்த்தான் அம்மையப்பன். மைக்கூடு உருண்டு ஓடியது. பரிமளா நிமிர்ந்தாள். கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள். அவளும் இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அசல் அசல் என்று சொல்லி, நகலைத் தவிர வேறெதையும் பார்க்காதவள்.

"அசல்தான்" என்று ஒத்துக்கொண்டாள். "போய் வீடு பாருங்க. இன்னிக்கு வியாழக்கிழமை."

வீட்டுத் தரகர் செல்லையா மூன்று பேரையும் கதவையும் பார்த்துவிட்டு, பெரிய வீடுகளின் பக்கமே கூட்டிப்போகவில்லை. நேராக மாவு மில்லுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அதன் வாடகைக்கே நொச்சிப்பட்டியில் இரண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்துவிடலாம்.

"ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்குமா?"

"இருக்கும். இல்லாட்டியும் கிட்டத்தட்ட இருக்கும்" என்றார் செல்லையா.

கிட்டத்தட்ட என்பதை அம்மையப்பன் நம்பவில்லை. செங்கமலம் கிட்டத்தட்டப் பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகையால் கடைவீதிக்குப் போய், சரியாக ஒரு கிலோமீட்டர் கயிறு கேட்டான். கடைக்காரர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அளந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கேட். பெரிய கேட் தாளாளர் கார் வரும்போது மட்டும் திறக்கும். பிள்ளைகள் போய்வருவது பக்கத்தில் இருந்த, ஆள் அகலமுள்ள சின்ன கேட் வழியாக. அதன் கம்பியில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டினான் அம்மையப்பன்.

"டேய் பூவலிங்கம், இங்கயே இருந்து பார்த்துக்க."

"பார்க்கிறது ஒண்ணும் செய்யறதுல சேராதுல்ல அண்ணே?"

"சேராது."

"அப்பச் சரி" என்று பூவலிங்கம் கேட்டில் சாய்ந்துகொண்டான்.

அம்மையப்பன் கயிற்றை விட்டுக்கொண்டே நடந்தான். தபாலாபீஸ் தாண்டி, பிள்ளையார் கோயில் தாண்டி, மாவு மில் தாண்டி வந்தான். கயிறு தீர்ந்தது. எதிரே நாற்பது அடி தூரத்தில் கொட்டகை. அதன் வாசலில் சாய்த்து வைத்த கதவு. கதவில் சாய்ந்து தமயந்தி உட்கார்ந்திருந்தாள்.

மணி மூன்று.

 ஒரு கிலோமீட்டரைக் கடந்து வந்தவனுக்கு நாற்பது அடி எட்டவில்லை. கயிற்றுநுனியைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்தான். மனைவி சொன்ன ஒரே காரியம்.

"அப்பா, கதவை நாற்பது அடி உங்க பக்கம் தூக்கி வெச்சிடலாமே?" என்றாள் தமயந்தி.

"நடுரோட்டுல கதவு வைக்கிறதா? பார்க்கிறவங்க நம்மளை முட்டாள்னு நினைச்சிருவாங்கம்மா."

அந்த வழியாக ஒரு தண்ணீர் லாரி வந்தது. தெருவில் கயிறும் ஆளும் கிடப்பதைப் பார்த்து டிரைவர் நிறுத்தினார். அம்மையப்பன் கஷ்டத்தைச் சொன்னான்.

"இழுத்தா நீளுமாய்யா?" என்றார் டிரைவர்.

"புதுக் கயிறுங்க. இன்னும் வளர்ற வயசுதான்."

டிரைவருக்கு அது நியாயமாகப் பட்டது. கயிற்றை லாரியின் பின்னால் கட்டி மெதுவாக உருட்டினார். முதலில் கயிறு விண்ணென்று இறுகியது. எங்கோ தூரத்தில் டங்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு கயிறு வெண்ணெயாக வந்தது. ஐந்தடி, பத்தடி, இருபதடி. அம்மையப்பன் எழுந்து குதித்தான். "வளருது! தமயந்தி, கயிறு வளருது!" நாற்பது அடி வந்து நுனி கொட்டகைக் கதவைத் தொட்டது. சந்தோஷத்தில் யாரும் டிரைவரை நிறுத்தச் சொல்லவில்லை. அவரும் நல்ல மனுஷர், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அடுத்த தெருவுக்கும் அதற்கடுத்த தெருவுக்கும் ஓட்டிக்கொண்டு போனார்.

கடைசியில் தெருமுனையில் பூவலிங்கம் வந்தான். நடந்து வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சின்ன கேட் தரையில் படுத்தபடி சறுக்கிக்கொண்டு வர, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்தான். பின்னால் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"கேட் கழண்டுச்சேடா, நீ ஒரு சத்தம் கொடுக்கக்கூடாதா?" என்றான் அம்மையப்பன்.

"அண்ணி ஒண்ணும் செய்யாதேன்னாங்க அண்ணே" என்றான் பூவலிங்கம், புழுதியைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல்.

வாட்ச்மேன் அவர்களையும் கேட்டையும் அதே லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே தலைமையாசிரியை வாசலில் நின்றார். இரும்பு கேட் அப்பளம் போல நெளிந்து கிடந்தது. சின்ன வாசல் திறந்து கிடந்தது. ஒரு ஆடு உள்ளே போய் ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது" என்று சத்தம் போட்டார். "நாலு மணிக்குள்ள இந்த வாசல்ல ஒரு கதவு இருக்கணும்! இல்லாட்டி போலீசுதான்!"

அம்மையப்பன் ஒரு நிமிஷம் நின்றான். அவனிடம் யாராவது இவ்வளவு தெளிவாக ஒரு வேலை சொல்லிப் பல நாள் ஆயிற்று. செங்கமலம் சொன்னது போலவே இருந்தது. அவனிடம் ஒரு கதவு இருந்தது. கட்டுவதற்கு ஒரு கிலோமீட்டர் கயிறும் இருந்தது.

லாரி டிரைவர் கதவை ஏற்றிவந்து இறக்கினார். வாசல் தூண்களுக்கு நடுவே நிறுத்தி, ஒரு பக்கத்துத் தூணோடு, கயிற்றில் கஞ்சத்தனம் பார்க்காமல் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். கதவு அளவெடுத்தது போல நின்றது. அப்போது மணி நான்கடிக்க இரண்டு நிமிஷம்.

பரிமளா விண்ணப்பத்தோடு ஓடிவந்தாள். "ஒரே ஒரு கட்டம் பாக்கி. எங்க கேட்லேர்ந்து உங்க வீட்டுக் கதவு வரைக்கும் எவ்வளவு தூரம்?"

எல்லோரும் பள்ளிக்கூடத்து கேட்டைப் பார்த்தார்கள். அதில் வெள்ளைச் சுண்ணாம்பில் 3/17 என்று எழுதியிருந்தது.

பரிமளா பேனாவை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள். "மேடம், இத்தனை வருஷத்துல இவ்வளவு பக்கத்துல யாரும் குடிவந்ததில்லை" என்றாள்.

தலைமையாசிரியை விண்ணப்பத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். விதிப்புத்தகத்தில் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு அம்மையப்பன் ஒரு கடையில் நின்று இரண்டு காப்பி வாங்கினான். ஒன்றைக் குடித்தான். இன்னொன்று ஆறும் வரை கையில் வைத்திருந்தான்.

தமயந்தி தினமும் கொட்டகையிலிருந்து ஒரு கிலோமீட்டரும் நாற்பது அடியும் நடந்து, தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எல்லா வகுப்பிலும் முதலாவதாக வந்தாள். பூவலிங்கம் இன்றுவரை ஒன்றும் செய்யவில்லை.

நொச்சிப்பட்டி வீட்டு வாசலில் இப்போது மிச்சம் இருப்பது நிலையும் அதில் தொங்கும் பூட்டும்தான். ஒருநாள் சாப்பிடப் போனபோது வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது என்று சடையாண்டி நிலையில் அந்தப் பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். போன இடத்தில் சாவி தொலைந்துவிட்டது. ஆறு வருஷமாக அவன் வெளியில்தான் படுக்கிறான்.