பேருந்து கேட்கப் போனவர்கள்

"அக்கா, சங்கத்துக்குப் பத்து வருச இலக்கு வகுக்கணும். முதல் இலக்கா எதை வைக்க?"

கேட்டவன் ஆவுடையப்பன். அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர் சங்கத் தலைவன்.

பதில் சொல்ல வேண்டியவள் சுலைகா. வேதியியல் துறை ஆய்வு மாணவி. கூடச் சேர்ந்தவர்களெல்லாம் பட்டம், கல்யாணம், வேலை என்று கிளம்பிப் போன பிறகும் அவள் மட்டும் அதே ஆய்வகத்தில் அதே மேசையில் இருந்தாள். ஒரு காலத்தில் அவளும் சங்கத் தலைவிதான். புதிதாகப் பதவிக்கு வருகிற எவரும் ஒரு தடவையாவது அவளிடம் வந்து நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'குருநாதர்' என்று கேலி செய்வார்கள். கேலிதான், ஆனாலும் வருவார்கள்.

சுலைகா கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பத்து வருசம் கழிச்சு உன் நாற்காலியில உக்காரப் போற பிள்ளை இப்ப என்ன செய்யுது?"

ஆவுடையப்பன் யோசித்தான். "எங்கயாவது பள்ளிக்கூடத்துல இருக்கும். ஆறாப்போ ஏழாப்போ."

"அதுகிட்ட போய்க் கேளு."

அவனுக்குச் சுருக்கென்றது. அந்தக்கா புதிர் போட்டே ஆளை விரட்டிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே ஆயிற்று.

*

சங்க அறையில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. உட்காரத்தான் ஆளில்லை.

போஸ்டருக்குப் படம் எடுத்த அன்று நிர்வாகிகள் எல்லாரும் வந்தார்கள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு. கூட்டம் என்றால் மட்டும் ஒருவனுக்கு ரெக்கார்டு எழுத வேண்டும், ஒருத்திக்கு ஊரில் கோயில் கொடை, இன்னொருவனுக்கு வயிற்றுவலி. ஆவுடையப்பன் தனியாக மின்விசிறியைப் போட்டு, தனியாகவே அணைத்துவிட்டு வருவான்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் பைபாஸ் நிறுத்தத்தில் இறங்குகிற பிள்ளைகளை வளாகத்துக்குக் கொண்டுவர ஒரு பேருந்து.

இரண்டு பக்கமும் முள்ளாக உடைமரம் மண்டிய சாலை அது. விளக்கு கிடையாது. அவன் வகுப்புப் பெண் ஒருத்தியை இரண்டு பேர் பைக்கில் அங்கே துரத்தியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா வந்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு மகளைக் கூட்டிப் போய்விட்டார். அவள் உட்கார்ந்திருந்த இடம் வகுப்பில் இன்னும் காலியாகவே கிடந்தது.

பதிவாளரைப் போய்ப் பார்த்தான். நல்ல மனுஷர், டீ வரவழைத்தார். "நியாயமான கோரிக்கை தம்பி. இந்த வருச பட்ஜெட் முடிஞ்சுபோச்சு. அடுத்த வருசம் கண்டிப்பா பாப்போம்" என்றார்.

அடுத்த வருடம் அவன் இருக்க மாட்டான். கடைசி வருட மாணவர்தான் பதவிக்கு வரலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். புதுப் பிள்ளைகள் ஓட்டுப் போடுவதோடு சரி; சங்க அறைக்குள் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. சித்திரை பிறந்தால் தலைவரிலிருந்து பொருளாளர் வரை மொத்தமாக மூட்டை கட்டிவிடுவார்கள்.

அதனால்தான் அவனுக்குப் பத்து வருட இலக்கு தேவைப்பட்டது. தான் போன பிறகும் நிற்கிற மாதிரி எதையாவது விட்டுப் போக வேண்டும்.

*

மறுபடியும் போனான்.

"அக்கா, புதிரெல்லாம் வேண்டாம். பேருந்துதான் முதல் இலக்கு. பக்காவா திட்டம் போட்டு வச்சிட்டுப் போறேன். சரிதானே?"

சுலைகா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நல்ல திட்டம். நானும் அதைத்தான் போட்டேன்."

"எதை?"

"பைபாஸ்லேர்ந்து பேருந்து. அஞ்சு வருசத் திட்டம். பதிவாளர் டீ வாங்கிக் கொடுத்தார்."



"உங்களுக்குப் பிறகு வந்தவங்க?"

"அடுத்து வந்தவனும் அதைத்தான் கேக்கப் போனான். அவனுக்கு அடுத்தவளும் போனா. ஒவ்வொருத்தரும் தானே முதல்ல கண்டுபிடிச்ச மாதிரி."

"நீங்க சொல்லியிருக்கலாமே அக்கா! எல்லாரும் உங்ககிட்டதானே வந்தாங்க?"

"வந்தாங்க. நான் என்ன செய்யணும்னு கேட்டாங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஒருத்தரும் கேக்கல."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் ஆவுடையப்பனைப் படுத்தியது. இத்தனை பேர் புழங்குகிற இடத்தில் இந்தக்கா மட்டும் இதைத் தெரிந்துகொண்டு, சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பாவமாக இருந்தது. அடுத்து தன்னை நினைத்துக்கொண்டான். இன்னும் பாவமாக இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"பாத்தியா, நீயும் அதையேதான் கேக்குத."

சுலைகா எழுந்து, கழுவிய குடுவை ஒன்றை அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். இன்னொன்றை நீட்டினாள். அடுத்த கையில் வாங்கினான். மூன்றாவதையும் நீட்டினாள்.

"கை இல்லையேக்கா."

"பக்கத்துல யாரு நிக்கா?"

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

*

அன்று சாயங்காலம் டவுனுக்குப் போய்விட்டுப் பைபாஸில் இறங்கினான். இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தாள். இவனுடைய காலடிச் சத்தம் கேட்டதும் வேகமாக நடந்தாள். பிறகு ஓடவே ஆரம்பித்தாள்.

"பயப்படாதம்மா! நான் சங்கத் தலைவர்."

அவள் தள்ளியே நின்று பார்த்தாள். "போஸ்டர்ல இருக்கிற அண்ணனா? அடையாளமே தெரியல."

"ஏன்?"

"அதுல சிரிக்கீங்க."

பெயர் இசக்கிப்பிரியா. இந்த வருடம்தான் சேர்ந்திருக்கிறாள். டவுனில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறாளாம்.

"தினமும் தனியாவா வாற?"

"கூட யாருண்ணே வருவா?"

ஆவுடையப்பன் கூட நடந்தான். வகுப்புப் பெண் படிப்பை விட்டுப் போனதைச் சொன்னான். பதிவாளரைச் சொன்னான். சுலைகாவைச் சொன்னான். இதையெல்லாம் அவன் இதுவரை யாரிடமும் சேர்ந்தாற்போல் சொன்னதில்லை. கேட்க ஆள் இருந்தால் இத்தனை பேசுவோம் என்று அவனுக்கே தெரியாது. விடுதி வாசல் வந்த பிறகும் அவள் உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

*

இந்தத் தடவை பதிவாளர் அறைக்கு மூன்று பேராகப் போனார்கள்.

பதிவாளர் சுலைகாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"தீசிஸ் முடியல சார்."

டீ வந்தது. ஆவுடையப்பன் பேசினான். பதிவாளர் பொறுமையாகக் கேட்டார்.

"நியாயமான கோரிக்கை தம்பி. அடுத்த வருசம் கண்டிப்பா பாப்போம்."

ஆவுடையப்பன் சுலைகாவைப் பார்த்தான். சுலைகா தரையைப் பார்த்தாள்.

"சரி சார்" என்றாள் இசக்கிப்பிரியா. "அப்ப அடுத்த வருசம் நான் வாரேன்."

பதிவாளர் வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார்.

"நீ என்னம்மா படிக்கிற?"

"அஞ்சு வருசப் படிப்பு சார். இப்பதான் சேந்திருக்கேன்."