ராசா கால்ல எத்தனை இடுக்கு

வயலும் வாய்க்காலுமா ஒரு ஊரு, அந்த ஊர்ல சப்பாத்து மேல உசிரையே வச்சிருந்த ஒரு ராசா இருந்தாராம். கப்பல் வியாபாரி ஒருத்தன் கொண்டாந்து குடுத்த தோல் சப்பாத்து அது. கணுக்கால் வரைக்கும் மூடியிருக்கும், காத்து நுழையாது. ராசா அதைப் போட்டுக்கிட்டே சாப்பிடுவாரு, போட்டுக்கிட்டே கொலுவுல உக்காருவாரு, போட்டுக்கிட்டே படுத்துக்குவாரு. அப்புறம் என்ன ஆகும்? வேர்வை உள்ளயே ஊறி, விரல் இடுக்கெல்லாம் வெள்ளையா வெந்து, தோல் உரிஞ்சு, அரிப்பு எடுத்துருச்சு. மந்திரி வழக்குப் படிக்கையில ராசா சிம்மாசனத்து மேல காலைத் தேய்ப்பாராம். சிரிக்காதீங்க, உங்களுக்கு வந்தா தெரியும்.

அரமனை வைத்தியரு பேரு பொன்னுரங்கம். ஆளு சரியான சவடாலு. மொத நாளு வந்தாரு, மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி நின்னு சப்பாத்துக்குள்ள பன்னீரை ஊத்துனாரு, அரிப்பு ஏறிச்சு. மறுநா வந்தாரு, மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாலை ஊத்துனாரு, நாத்தம் ஏறிச்சு. மூணாம் நா வந்தாரு, ஒரு வேலைக்காரனை விட்டுச் சப்பாத்தைக் கழட்டி ஈரப் பட்டுத்துணியைச் சுத்தச் சொன்னாரு, ராசாவால எந்திரிச்சு நிக்கவே முடியலை. இனி தன் வேலை போயிருமேன்னு வைத்தியருக்குப் பயம் வந்துருச்சு. பழியைத் தூக்கி வேற தலையில போட்டாரு.

"மகாராசா, நடவுக்காரிங்க சேத்துக் காலோட நடக்குற தெருவுல நீங்க நடந்தீங்க. அந்தத் தோசம்தான் இது. அவளுங்களை ஆத்துக்கு அக்கரைக்கு ஓட்டுங்க, தானா போயிரும்."

அரிப்புல ராசாவுக்குப் புத்தி வேலை செய்யலை. வெள்ளிக்கிழமைக்குள்ள நடவுத் தெரு காலியாகணும்னு தண்டோரா போட்டுட்டாரு.

நடவுக்காரிங்களுக்கெல்லாம் தலைவி மூக்காயி. அவ மவளுக்கு நெறமாசம். ஆத்துலயோ வெள்ளம் கரை புரண்டு ஓடுது, அந்தப் புள்ளையை எந்த ஓடத்துல ஏத்துறது? மூக்காயி அழுதுக்கிட்டு உக்காரலை. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு நேரா அரமனைக்கு நடந்தா.

"ராசா, ஒரே ஒரு கேள்வி கேக்கணும். வைத்தியரய்யா சரியா சொல்லிட்டா, நாங்களே மூட்டை கட்டிட்டுப் போயிர்றோம்."

"கேளு" ன்னாரு ராசா.

"ராசாவோட ரெண்டு கால்லயும் சேத்து எத்தனை விரல் இடுக்கு?"

வைத்தியரு சிரிச்சாரு. "இது ஒரு கேள்வியா? பத்து விரலு, பத்து இடுக்கு. பத்தையும் நான்தான் பாத்துப் பாத்து வைத்தியம் பண்றேன்."

"ராசா, நீங்களே எண்ணிப் பாருங்க."

ராசா குனிஞ்சு துணியை அவுத்தாரு. எண்ணுனாரு. திரும்ப எண்ணுனாரு. மூணாந்தரம் விரலை விட்டு விட்டு எண்ணுனாரு. எட்டுதான் வந்துச்சு. நீங்க எதுக்குடா இப்ப காலைத் தூக்குறீங்க? சரி, எண்ணிட்டே கேளுங்க.

"எட்டைப் பத்துங்கிறவரு உங்க காலைப் பாக்கவே இல்லை ராசா" ன்னா மூக்காயி. "தோசமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நனைஞ்ச சாக்குல பூஞ்சணம் புடிக்குதுல்ல, அந்த மாதிரிதான் ஈரத்துலயே கெடக்குற கால்லயும் புடிக்குது. சேத்துல நிக்கிற எங்களுக்கும் வருது, நாங்க வெரட்டிர்றோம். உங்களுக்கும் வெரட்டித் தாரேன்."

ராசா வைத்தியரை ஒரு பார்வை பாத்தாரு. "தண்டோராவை நிறுத்தி வைக்கிறேன் மூக்காயி. கால் ஆறலைன்னா மறுபடி தண்டோரா போடுவேன்."

"ஆறும்" ன்னா அவ.

காலைக் கழுவிவிட்டா. பழைய நூல் சேலைத் துணியால ஒவ்வொரு இடுக்கா ஒத்தி ஈரத்தை எடுத்தா. மருதாணியும் மஞ்சளும் அரைச்சு அப்புனா. சப்பாத்தைத் தூக்கி வெயில்ல போட்டா. இந்தத் துணியால ராணியம்மா கால் துடைக்கக் கூடாது, அவங்களுக்கும் தொத்திக்கும்னு கண்டிசனா சொல்லிட்டா. தெனமும் வந்தா, தெனமும் துடைச்சா, எட்டாம் நா அரிப்பு நின்னு போச்சு. உடனே ராசா ஆசை ஆசையா சப்பாத்தை எடுத்தாரு பாரு, மூக்காயி அதை வெடுக்குனு வாங்கி மறுபடி வெயில்ல வச்சுட்டா.

"அரிப்புதான் போயிருக்கு ராசா, பூஞ்சணம் போகலை. இப்ப விட்டா திரும்ப வரும். இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கங்க."

ராசான்னு பாக்காம கையில இருந்ததைப் புடுங்குனா பாத்தீங்களா, அதுக்கே எனக்கு அவளை ரொம்பப் புடிக்கும்.

ரெண்டு வாரமும் போச்சு, ராசா வெறுங்காலோட கொலுவுக்கு நடந்து வந்தாரு. மூக்காயி மவளுக்கும் இக்கரையிலயே, சொந்த வூட்லயே பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. அப்புறம் ராசா வைத்தியரைக் கூப்பிட்டாரு. "எந்தத் தெருவைக் காலி பண்ணச் சொன்னீரோ, அந்தத் தெரு சனத்தோட ஒரு போகம் நாத்து நடும், போம்" ன்னுட்டாரு.

சாயங்காலம் வயலை விட்டுக் கரையேறுனதும் பொம்பளைங்க வரிசையா உக்காந்து காலைத் துடைப்பாங்க. வைத்தியரு அது தனக்குக் கௌரவம் இல்லைன்னு ஈரக் காலோடயே போயிருவாரு. பத்தே நாளு. நொண்டி நொண்டி மூக்காயி வாசல்ல வந்து நின்னாரு.

"தாயி, என் கால்லயும் அந்தத் தோசம் வந்துருச்சு. மருந்து குடு."

"தோசத்துக்கு எங்கிட்ட மருந்து இல்லையே வைத்தியரய்யா" ன்னா மூக்காயி, புள்ளையை மடியில போட்டு ஆட்டிக்கிட்டே.

தெருவே கூடி நிக்குது. வைத்தியரு தலையைச் சொறிஞ்சாரு, தரையைப் பாத்தாரு, அப்புறம் எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னாரு: "தோசம் இல்லை தாயி, பூஞ்சணம். அன்னிக்கு நான் சொன்னது பொய்யி."

மூக்காயி புள்ளையை மவ கையில குடுத்துட்டு அம்மிக்குப் போனா.

அவரு காலும் ஆறுச்சு, அந்தத் தெருவும் நெலைச்சுது, கதையும் முடிஞ்சுது. எந்திரிங்க, காலைக் கழுவிட்டு வாங்க, இடுக்கு துடைக்காம எவனும் என் பாயில ஏறக் கூடாது.