பள்ளத்தில் எழுந்த புகை

மலைக்குப் பாதையே போடாத காலம் அது. ராஜாவின் வரிக்காரன்கூட ஏறி வரச் சோம்பல்பட்ட ஒரு மலையில் அக்கா தங்கை இரண்டு பேர் இருந்தார்கள், கேளுங்கள். அக்கா வெள்ளாயி வாழ்க்கைப்பட்டது மேட்டு ஊரில். தங்கை காத்தாயி வாழ்க்கைப்பட்டது பள்ளத்து ஊரில்.

இருவருக்கும் அம்மா சீதனமாகத் தந்தது ஒரே வகைக் கத்தரி விதை. பிரியும்போது ஒரு வழக்கம் பேசிக்கொண்டார்கள். தைப்பூசத்தன்று அக்கா நாற்று நட்டுவிட்டு, சருகைக் கூட்டிப் புகை போடுவாள். அதைப் பார்த்துத் தங்கையும் நட்டுவிட்டுப் பதிலுக்குப் புகை போடுவாள். நினைத்தபோது பார்த்துக்கொள்ள முடியாத குறைக்கு அந்தப் புகைதான் ஆறுதல்.

முதல் வருஷம் அக்கா புகை போட்டாள், தங்கை நட்டாள். அக்கா தோட்டம் காய்த்துக் குலுங்கியது. தங்கை தோட்டத்தில் உறைபனி விழுந்து நாற்றெல்லாம் கருகிற்று. தன் கைராசிதான் சரியில்லை என்று காத்தாயி அழுதாள்.

இரண்டாம் வருஷமும் அக்கா புகை போட்டாள், தங்கை நட்டாள். அதே கதைதான். இந்தத் தடவை அவள் அழவில்லை. ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தில் வைத்து, விடியும்தோறும் போய்ப் பார்த்தாள். மாசி மகம் வரைக்கும் தண்ணீர் உறைந்தது. மகம் கழிந்த பிறகு ஒரு நாளும் உறையவில்லை. எருமை மேய்க்கும் பள்ளத்து ஊர்க்காரர்களை விசாரித்தாள். எந்த வருஷமும் மகம் வரை கன்றுகளை வெளியே கட்டமாட்டோம் என்றார்கள்.

மூன்றாம் வருஷம் விதை வைத்திருந்த சுரைக்குடுக்கையில் மிஞ்சியது ஒரு பிடி விதைதான். இதுவும் போனால் சமவெளிக்குக் கூலி வேலைக்குப் போய்விடலாம் என்று புருஷன் சொல்லிவிட்டான். காத்தாயி மகத்திலிருந்து பின்னோக்கி எண்ணினாள். நாற்று வளர வேண்டிய நாட்களைக் கழித்து, சுவரோரம் தாமதமாகவே விதைத்து, வைக்கோலால் மூடினாள்.

தைப்பூசம் வந்தது. மேட்டில் புகை எழுந்தது. பள்ளத்தில் எழவில்லை.

தங்கைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிய வெள்ளாயி, மிஞ்சிய நாற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். தங்கை குத்துக்கல்லாட்டம் நிற்பதைக் கண்டதும் பதற்றமெல்லாம் கோபமாயிற்று.

"என் பேச்சு உனக்குக் கசந்து போச்சா?"

"உன் பேச்சு உன் காட்டுக்குச் சரிதாங்க்கா. என் பள்ளம் வேற. இங்க மகம் கழிஞ்சாத்தான் நடணும்."

வெள்ளாயி கேட்பாளா? கொண்டுவந்த நாற்றைப் பொழுது சாயுமுன் தானே வரிசையாக நட்டுவிட்டு, விடியட்டும் பார் என்று சொல்லிப் படுத்தாள்.

விடிந்து கதவைத் திறந்தால், தோட்டம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. சட்டித் தண்ணீர் கல்லாக இறுகியிருந்தது. வெயில் பட்டதும் அவள் நட்ட நாற்றெல்லாம் துவண்டு கறுத்தது. மேட்டில் நிற்காத குளிர், தண்ணீரைப் போல வழிந்து வந்து பள்ளத்தில் தேங்குகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுவரோரம் போய் வைக்கோலை விலக்கினாள். தங்கையின் விதை பச்சைப் பசேலென்று முளைவிட்டிருந்தது.

"ரெண்டு வருஷமா உன்னை நானே கெடுத்திருக்கேனே" என்று தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மாசி மகம் கழிந்தது. பள்ளத்தில் புகை எழுந்தது. நடுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் மேட்டில் வெள்ளாயி பதிலுக்கு ஒரு புகை போட்டாள்.

அந்த வருஷம் அக்கா தோட்டம் காய்த்து ஓய்ந்தபோது தங்கை தோட்டம் காய்க்கத் தொடங்கியது. முதல் கூடையை மேட்டு ஊருக்குச் சுமந்து போனவன் காத்தாயியின் புருஷன். சமவெளிப் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவே இல்லை.

பிரியமானவர் குறித்துக் கொடுத்த நாளே ஆனாலும், தன் மண்ணில் பனி விலகும் நாளைத் தானே பார்த்தறிந்து நடுகிறவர்தான் விளைச்சலைக் காண்பார்.