புன்னை மரத்தடி விலாசம்

ஒரு ஊர்ல ஒரு ஏரி. அந்த ஏரிக்கரையில ஒரு வாத்து மேய்க்கிற பொண்ணு, பேரு சிட்டம்மா. இப்பவே கொட்டாவி விட்டா எப்படி? ம் கொட்டு.

ம்.

அவளுக்கு அப்பதான் பதினெட்டு முடிஞ்சுது. ஓட்டுப் போட அவளுக்கு அப்படி ஒரு ஆசை. ஏன் தெரியுமா? தேர்தல் வந்தா மைக் கட்டின வண்டி அந்தக் கரை வழியா வரும். "இதுங்களுக்கு ஓட்டு இல்லப்பா, வண்டிய விடு"ன்னு நிக்காமப் போயிரும். கும்பிடத் தூக்கின அவ அப்பன் கை அப்படியே நிக்கும். அதைப் பாத்துப் பாத்துத்தான் அவளுக்கு அந்த ஆசை.

அப்போ ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்குற அமலி டீச்சர் சைக்கிள்ல வந்தாங்க, கிணிங் கிணிங். பாரத்துல போட்டோ ஒட்டியாச்சு. வயசுக்குப் பள்ளிக்கூடத்து சர்டிபிகேட் இருந்துச்சு. விலாசம்னு வந்ததும் பேனா நின்னுபோச்சு.

"வீடு எங்கம்மா?"

"வீடு இல்லைங்க டீச்சர். வருஷத்துல பாதி நாள் இந்த ஏரிதான். வாத்து எங்க படுக்குதோ அங்க படுப்போம்."

"வீடு இல்லாதவங்களுக்குத் தூங்குற இடம்தான் விலாசம். அந்தப் புன்னை மரத்தடின்னு எழுதிக்கிறேன். மூணு ராத்திரி வந்து பாப்பேன், ஒரு ராத்திரியாச்சும் நீ அங்க தூங்கிக்கிட்டு இருக்கணும்."

இவ்வளவுதானான்னு சிட்டம்மாவுக்குச் சிரிப்பு. ஆனா மொத ராத்திரி வாத்தெல்லாம் அக்கரையில படுத்துருச்சு. பழக்கம் விடுமா? அவளும் அங்கயே படுத்துட்டா. டீச்சர் டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, பளிச். மரத்தடியில சருகுதான் கெடந்துச்சு.

அப்புறம் ரெண்டாம் ராத்திரி மரத்தடியிலயே படுத்தா. சரக் சரக்னு காலடி கேட்டுச்சு. டீச்சர் வரப்போ படுத்திருந்தா மரியாதையான்னு எந்திரிச்சு நின்னு, "வணக்கம் டீச்சர்"னா.

"தூங்குறவ யாராச்சும் வணக்கம் சொல்வாளாடி? நாளைக்குத்தான் கடைசி."

கேக்குறியா?

ம்...

மூணாம் ராத்திரி. நிலா ஏரிக்குள்ள எறங்கிக் கெடக்கு. சிட்டம்மா கண்ணை மூடுறா, தூக்கம் வரல. பொறந்ததுலேருந்து வாத்துச் சத்தம் கேக்காம அவ தூங்கினதே இல்ல. வாத்தும் அப்பனும் அக்கரையில. போனா விலாசம் போச்சு, இருந்தா தூக்கம் இல்ல. அவளுக்கு அழுகையே வந்துருச்சு.

அப்போ தண்ணியில சளக்... சளக்...

தலை வாத்து வருது. பின்னால இன்னொண்ணு, அதுக்குப் பின்னால ஒண்ணு, நிலாவைக் கலைச்சுக்கிட்டு மொத்தமும் நீந்தி வருது. அவளைக் காணாம அதுங்களுக்கும் தூக்கம் வரல போல. கரையேறி, ஈரம் ஒதறி, அவளைச் சுத்திப் படுத்துக்கிச்சு. தலை வாத்து அவ அக்குளுக்குள்ள மூக்கை நொழைச்சுக்கிச்சு. பேக்... பேக்... இத்தனை வருஷம் வாத்து படுத்த இடத்துல அவ படுத்தா. அன்னைக்கு அவ படுத்த இடத்துல வாத்து படுத்துச்சு.

சிட்டம்மா தூங்கிட்டா.

டீச்சர் வந்தாங்க. பாத்ததும் டார்ச்சை அணைச்சுட்டாங்க. செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, மெல்ல மெல்லத் திரும்பிப் போயிட்டாங்க.

அப்புறம் ஓட்டுப் போடுற நாள் வந்துச்சு. பூத்துக்குள்ள உக்காந்திருந்தவர் லிஸ்ட்டைச் சத்தமாப் படிச்சாரு, "சிட்டம்மா, ஏரிக்கரை, புன்னை மரத்தடி." "இருக்கேங்க"ன்னா அவ. விரல்ல மை வச்சாங்க. வெளியில நின்ன அப்பன் அந்த விரலைப் புடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

சரக்... சரக்... டீச்சர் நம்ம தெருவுக்கு வராங்க போல. நீ இங்கதான் இருக்கேன்னு எழுதிக்கணும்ல. கதை கரை சேந்துருச்சு, கண்ணை மூடு.

ம் எங்க?

சரி. எழுதிக்கிட்டாங்க.