ஸ்ட்ரிப்பருக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள், சங்கரன்கோவில் பூமிநாதனின் கேபிள் டிவி ஆபீசில் ஒரே குழப்பம். அங்கே வேலை பார்க்கும் தங்கப்பழம் ஸ்ட்ரிப்பரை வைத்துக் கேபிளின் தோலை உரித்தால், உள்ளே இருக்கும் செம்புக் கம்பியும் சேர்ந்து அறுந்தது. உற்றுப் பார்த்தான். கேபிள் உட்காரும் பள்ளத்தில் பூஜைச் சந்தனம் காய்ந்து கட்டியாகி, கேபிளைப் பிளேடுக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிளேடைச் சற்று மேலே ஏற்றலாம் என்றால் அதன் திருகாணியும் அதே சந்தனத்தில் இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டப் போனான்.

"சாமிக்கு வச்ச சந்தனத்தைச் சுரண்டுவியால? அதுவா உதிரட்டும்!" என்று கத்தினார் பூமிநாதன். "ஆனா மத்தியானத்துக்குள்ள எல்லா வீட்டுலயும் படம் வரணும். இன்னொரு கம்பி அறுந்துச்சு, உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரி மொதலாளி" என்றான் தங்கப்பழம். அவர் முகம் கழுவப் போன நேரத்தில், அவருடைய மூக்குக்கண்ணாடிக்குச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்தான்.

திரும்பி வந்தவர் கண்ணாடியை மாட்டினார். "ஏலே, கரண்டு போயிட்டா? ஒண்ணுமே தெரியலியே!" கதவு என்று நினைத்துப் பீரோவைத் திறந்தார். பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி, ஒரு துணியை எடுத்துத் துடைக்கப் போனார்.

"துடைச்சிராதீய மொதலாளி!" தங்கப்பழம் பதறினான். "எனக்கு ஸ்ட்ரிப்பர், உங்களுக்கு இதுதான ஆயுதம்? நேத்து பூஜையில விட்டுப்போச்சு. அதுவா உதிரட்டும்."

பூமிநாதன் கண்ணாடியையும் ஸ்ட்ரிப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையில் இருந்த துணியை இரண்டாகக் கிழித்து, பாதியை அவனிடம் நீட்டினார்.